ஊட்டிக்கு நானோ மாநாடு கேட்டு ப்ரொபோசல் போடறவங்க கவனத்துக்கு

நேத்து ராத்திரி மெயில் வந்துடுச்சு, இன்டர்நேஷனல் நானோ (கண்ணுக்குத் தெரியாத குட்டித் துகள்களைப் பத்தின துறை) மாநாட்டை ஊட்டியில நடத்த, இடத்தை முடிவு பண்ற மாநாட்டுக் கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. மனசு இப்ப தான் லேசாச்சு. ஆனா ஹால் லெட்டருக்காக அலைஞ்ச கோவம் இன்னும் ஆறல, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன், மலையில இருந்து இந்த மாதிரி முயற்சி பண்றவங்களுக்கு உதவும்.

பட்ஜெட், ஸ்பீக்கர் லிஸ்ட், எங்க காலேஜ் பிரின்சிபால் குடுத்த சப்போர்ட் லெட்டர் எல்லாம் சட்டுனு முடிஞ்சுது. சிக்கினது ஹால்ல. 300 பேர் உக்கார்ற மாதிரி மெயின் ஹால், பக்கத்துலயே சின்ன ரூம்கள், போஸ்டர் மாட்ட இடம், இதெல்லாம் அந்தத் தேதியில கிடைக்கும்னு ஹால்காரங்களே லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுக்கணும். மாநாடோ ரெண்டு வருஷம் கழிச்சு. நாங்க பாத்து வெச்ச ஹாலோட ஆபீஸ்ல கிளார்க் நிமிர்ந்து கூட பாக்கல, "மேடம், ஒரு வருஷத்துக்கு முன்னாடியெல்லாம் புக்கிங் கிடையாது, அப்ப வாங்க"ன்னாரு. புக்கிங் வேணாம் சார், ஒரு கடிதம் மட்டும் போதும்னேன். "அப்படி ஒரு லெட்டர் நாங்க யாருக்கும் குடுத்ததில்லையே." சரின்னு மனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அடுத்த தடவை போனா ஐயா கேம்ப் போயிருக்காரு, அதுக்கப்புறம் போனா மனுவையே காணோம், புதுசா எழுதிக் குடுங்கன்றாங்க, மஞ்சூர்ல இருந்து பஸ் ஏறி கொட்ற மழையில வந்து நிக்கிறவகிட்ட இதை எவ்வளவு சாதாரணமா சொல்றாங்க பாருங்க. நல்லவேளை முதல் நாளே மனுவோட நகல்ல, வாங்கிக்கிட்டதுக்கான ஆபீஸ் சீலும் நம்பரும் வாங்கி வெச்சிருந்தேன். அதை எடுத்து மேஜை மேல வெச்சதும் பீரோவைத் திறந்தாங்க, பத்து நிமிஷத்துல மனு கிடைச்சுது!

மேல இருந்த அதிகாரி அம்மா தன்மையா பேசினாங்க. ஹாலை இப்பவே ஒதுக்கறோம்னு எழுத அவங்களுக்கு ரூல்ஸ் இடம் குடுக்காது, ஆனா "விதிகளுக்கு உட்பட்டு, முன்பதிவு தொடங்கியதும் முன்னுரிமை அளிக்க ஆட்சேபணை இல்லை"ன்னு எழுதலாமாம். கமிட்டிக்கு அது போதுமானதா இருந்துச்சு. நீங்க போறப்ப இந்த வரியை டைப் பண்ணி கையோட கொண்டு போங்க, அவங்களா யோசிச்சு எழுதுவாங்கன்னு காத்திருக்காதீங்க.

அடுத்து ரோடு. கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல இருந்து 90 கிலோமீட்டர் சொச்சம் தானேன்னு நமக்குத் தோணும், வெளிநாட்டுல உக்காந்து மேப் பாக்கறவங்களுக்கு அது மூணு மணி நேரம்னு புரிய வைக்கணும். கமிட்டியில ஒருத்தர் 2009 நவம்பர்ல நீலகிரியில நடந்த மண்சரிவைத் தேடிப் படிச்சுட்டு ரோடு அடைபட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு, நியாயமான கேள்வி. குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு ரெண்டையும் படத்தோட காட்டி, தேதியை பிப்ரவரிக்கு வெச்சேன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, ஏப்ரல் மே சீசன்ல ரூம் வாடகை எகிறிடும், ஏறறதுக்கு குன்னூர் வழி இறங்கறதுக்கு கோத்தகிரி வழின்னு ஒன்வே ஆக்கிடுவாங்க. அப்படியும் கோயம்புத்தூர்ல ஒரு மாற்று ஹால் காட்டணும்னு கண்டிஷன் போட்டுட்டாங்க, காட்டிடுவோம்.

நீலகிரிக்குள்ள வர்ற வண்டிகளுக்கு எடுக்கற இ-பாஸ் பத்தி தனியா ஒரு பக்கம் எழுதுங்க. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நடக்குது, 2025 ஏப்ரல்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000, வார இறுதியில 8,000 வண்டின்னு வரம்பும் வந்துச்சு. இந்த நியூஸை அரைகுறையா பாத்த ஒரு மெம்பர் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஊட்டிக்குள்ள அனுமதியே இல்லைன்னு நினைச்சுட்டாரு. பாஸ் வண்டிக்குத் தான், வெளிநாட்டவங்க இமெயில் வெச்சே பதிவு பண்ணலாம், கவர்மென்ட் பஸ்ஸுக்குத் தேவையே இல்லை. வேன் எல்லாத்துக்கும் நாங்களே எடுத்துத் தர்றோம்னு எழுதினப்புறம் தான் அமைதியானாரு.

கமிட்டி ஃபார்ம்ல ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில்னு ஒரு வரி இருந்துச்சு. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரியில தடை, அதை அடிச்சுட்டு ஸ்டீல் பாட்டிலும் ஃபில்டர் தண்ணியும்னு போட்டேன். ஐஐடி மெட்ராஸ்ல டி. பிரதீப் குழு வெள்ளி நானோ துகளை வெச்சு தண்ணியில இருக்க பூச்சிமருந்தை நீக்கிக் காட்டினதையும் அங்கயே சேர்த்தேன். நம்ம துறைக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா. உல்லாசப் பயணம்னு யாரும் ஒதுக்கிடக் கூடாதுன்னு ஊட்டி பக்கத்துல முத்தோரையில இருக்க, விண்வெளியில இருந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்கிற ரேடியோ டெலஸ்கோப்பையும் போட்டேன், 530 மீட்டர் நீளம், மலைச் சரிவையே பூமியோட அச்சுக்கு இணையா பயன்படுத்தி 1970ல கட்டி முடிச்சது. அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு கமிட்டி தலைவர் தனியா மெயில் போட்டாங்க, பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு. எனக்கு அன்னிக்கு சாப்பாடே இறங்கல, அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு சின்ன விஷயம். பனியில ஏ0ன்னு சொல்ற பெரிய சைஸ் பேப்பர் போஸ்டர் சுருண்டுக்கும், துணி போஸ்டர்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. எக்ஸிபிஷன்ல டேபிள்டாப் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைக்கிற கம்பெனிக்காரங்க தரை அதிர்வு, யுபிஎஸ் ரெண்டையும் கேப்பாங்க, ஜெனரேட்டர் பக்கத்துல இருக்க ரூமைக் குடுத்துடாதீங்க.

கடைசியா விசா. கான்ஃபரன்ஸ் விசாவுக்கு வெளியுறவு அமைச்சகம், உள்துறை அமைச்சகம் ரெண்டோட அனுமதியும் வேணும், ப்ரொபோசல்லயே அதுக்கு மாசக்கணக்குல டைம் ஒதுக்கிக் காட்டுங்க. வெளிநாட்டவர் தங்கினா, தங்க வெக்கிறவங்க 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும், முன்னாடி ஃபார்ம் சின்னு சொன்னது. நாங்க கேட்ட ஹோம்ஸ்டேக்கள்ல சிலருக்கு அதைக் கேள்விப்பட்ட மாதிரியே இல்லை, அவங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம்.