எண்ணூரில் ஒரு வலைக் குடிசைக்குக் கீற்று மாற்றியது

முகத்துவாரத்துப் பக்கம் வலை போட்டு வைக்கிற குடிசை, 12 அடிக்கு 10 அடி. தகர ஷீட் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்லாதவர் இல்லை. சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து வலை பின்னிப் பார்த்தால் தெரியும். கீற்றே போடுவது என்று முடிவானது.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க ஆவணியிலேயே கூரையைப் பிரித்தோம். கீற்றைக் கெடுத்தது மழையல்ல, ஒழுகுகிறதென்று மேலே போர்த்தியிருந்த கட்சி பேனர். அதற்கடியில் ஓலை ஊறின அவல் மாதிரி விரலில் பிசைபட்டது. நனைந்த கீற்று காற்றில் காய வேண்டும், மூடினால் அழுகும்.

இன்னொரு தப்பு, கீற்றை மிச்சம் பிடிக்கக் கூரையைப் படுக்க வைத்திருந்தது. சரிவு குறைந்தால் தண்ணீர் வழியாமல் தேங்கும். 10 அடி அகலத்துக்கு முகடு சுவர் மட்டத்துக்கு மேல் 5 அடி உயர வேண்டும். அதற்கு நடுக்கால் இரண்டையும் மாற்றினோம். சவுக்குதான், ஆனால் பட்டை உரித்தது. பட்டையோடு நட்டால் உள்ளே வண்டு துளைக்கும். மண்ணுக்குள் போகும் 2 அடியைத் தீயில் கருக்கித் தார் பூசினோம்.

பின்னின கீற்று 6 அடி நீளம். வாங்கும்போது ஒரு ஓலையை மடக்கிப் பாருங்கள், முறிந்தால் ஊறப்போடாமல் பின்னியது. வரிசைக்கு 3, ஒரு பக்கம் 19 வரிசை, இரு பக்கமும் 114. முக்கோணச் சுவர், சேதாரம் சேர்த்து 150 வாங்கினோம்.

இறவாணத்தில், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மட்டை மேலே, ஓலை நுனி கீழே. அரை அடிக்கு ஒரு வரிச்சு (கீற்றைக் கட்டும் குறுக்குக் கழி), கீற்றுக்கு 3 கட்டு. கட்டுக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறும், பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கும். தேங்காய் நார்க்கயிறே போதும். இறவாணம் ஒன்றரை அடிக்கு மேல் நீண்டால் வாடைக்காற்று அதைப் பிடித்துத்தான் கூரையைத் தூக்கும்.

முகட்டில் கஞ்சத்தனம் கூடாது. பனையோலையை இரண்டு அடுக்காக மடித்துப் போட்டு, பிளந்த மூங்கிலை இருபக்கமும் வைத்து இறுக்கினோம். அடுப்புப் புகை படும் வீட்டுக்கூரையில் பூச்சி குறைவு. வலைக் குடிசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் மழையில் சொட்டினால் சொட்டுக்கு நேர் மேலே கை வைக்காதீர்கள். தண்ணீர் மட்டையோடு ஓடி வந்துதான் விழும். ஓட்டை இரண்டு வரிசை மேலே இருக்கும். அங்கே ஒரு கீற்றைச் செருகினால் போதும்.