கச்சான் காற்றுக் காலத்தில் நேரலை: போன் சூடேறி நின்றுபோகாமல் இருக்க

திருகோணமலையில் கோயில் தேர் என்றாலும், மெக்கெய்சர் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி என்றாலும், வீட்டில் இறுதிக்கிரியை என்றாலும், கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தங்கள் இங்கே யாரோ ஒருவர் பிடித்திருக்கும் போன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வடம் பிடிக்கிற நேரம் பார்த்துக் கமரா மூடிக்கொண்டால் அந்தக் காட்சி அவர்களுக்குப் போனது போனதுதான்.

நேரலையில் போன் ஓய்வில்லாமல் நாலு வேலை பார்க்கிறது. கமரா படம் பிடிக்கிறது, புரொசசர் அதைச் சுருக்குகிறது, மோடம் அனுப்புகிறது, திரை எரிந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து எழும் வெப்பம் பெரும்பாலும் சில வாட் அளவுதான். நல்ல வெயிலோ சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட். 16 சென்ரிமீற்றர் நீளம், 7.5 சென்ரிமீற்றர் அகலம் உள்ள போனில் வெயில் நேராக விழுந்தால் 12 வாட் வரை அதன்மேல் இறங்கும். கறுப்புப் போன் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே முதல் வேலை நிழல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் சொல்கிறது. கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் மத்தியானம் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ட்ரைபொட்டின் மேல் வெளிர்நிறக் குடையைக் கட்டுங்கள். குடைத்துணி போனில் முட்டாமல் ஒரு முழமாவது மேலே நிற்கட்டும்; இடையில் காற்று ஓட வேண்டும். துவாயைப் போனின் மேல் நேராகப் போர்த்துவது நிழல் தருவதைவிடச் சூட்டை அடைத்து வைப்பதில்தான் முடியும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் போனின் முதுகில் விழும். கரையைப் பார்த்துத் திருப்பினால் திரையில் விழும். எந்தப் பக்கம் வெயில் என்று பார்த்துக் குடையைச் சாய்க்க வேண்டும்.

கவரைக் கழற்றிவிடுங்கள். முதுகு முழுவதையும் மூடும் ஹோல்டர் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் மட்டும் பிடிக்கும் கிளாம்ப் போதும்.

அடுத்தது படத்தின் அளவும் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதும். 1080, 60 ஃபிரேமில் அனுப்பும்போது 720, 30 ஃபிரேமில் அனுப்புவதைவிட விநாடிக்கு நாலரை மடங்கு புள்ளிகளைப் போன் கையாள வேண்டியிருக்கிறது. வட்ஸ்அப்பில் வரும் இணைப்பைக் கையடக்கத் திரையில் பார்ப்பவர்களுக்கு 720, 30 தாராளம். பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, 3 மெகாபிட்டில் வைத்தால் மணிக்கு 1.35 ஜிகாபைட் டேட்டா போகும். திரை வெளிச்சத்தின் ஓட்டோ முறையை நிறுத்திக் கையால் குறையுங்கள். வெயிலில் திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சூடும் கூடும். நிழல் இருந்தால் அந்தத் தேவையே வராது.

சார்ஜ் விஷயத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஃபாஸ்ட் சார்ஜில் குத்தியபடி நேரலை போட்டால் பற்றரி உள்ளிருந்தே சூடாகும். முதலே சார்ஜ் ஏற்றிக் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டுத் தொடங்குங்கள். நீண்ட நிகழ்ச்சி என்றால் செட்டிங்சில் ஃபாஸ்ட் சார்ஜை நிறுத்தி, பவர் பேங்கின் சாதாரண 5 வோல்ட் வாயிலில் குத்துங்கள். வயர்லெஸ் சார்ஜர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி போனின் முதுகிலேயே வெப்பமாகிறது. பைபாஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால் கட்டாயம் அதைப் போடுங்கள். மின்சாரம் பற்றரிக்குள் போகாமல் நேரே போனை ஓட்டும்.

சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் தன் சக்தியைக் கூட்டி அனுப்பப் பார்க்கும், அதுவும் சூடுதான். கூட்டத்துக்குள் இது நன்றாகத் தெரியும். இன்னொரு போனையோ சின்ன ரவுட்டரையோ நிழலில், சிக்னல் உள்ள உயரத்தில் வைத்து ஹொட்ஸ்பொட் போடுங்கள். படம் எடுக்கும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். மோடத்தின் வெப்பம் வேறு பெட்டிக்குப் போய்விடும். இடையில் சிம் அழைப்பு வந்து நேரலை அறுபடுகிற தொல்லையும் இல்லை.

காற்றாடிக் கூலர் சூழலின் வெப்பத்துக்குக் கீழே போனைக் குளிர்விக்காது. ஆனாலும் நிழலோடு சேர்ந்தால் நல்ல பலன் தரும். குளிர்த்தகடு உள்ள பெல்டியர் கூலர் அதிகம் குளிர்விக்கும், அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கடற்காற்றின் ஈரம் ஏறிய நேரத்தில் தகடு 24, 25 பாகைக்குக் கீழே போனால் அதில் தண்ணீர் துளிர்க்கும், சார்ஜ் வாயிலுக்குள்ளும் இறங்கும். வேகத்தைக் குறைத்து வைத்து, அடிக்கடி தொட்டுப் பாருங்கள். ஐஸ் பையும் ஃபிரிட்ஜும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

திரை தானாக மங்குவது முதல் அறிகுறி. பிறகு படம் விட்டுவிட்டு ஓடும், கடைசியில் கமரா மூடும். அன்ட்ரொய்டில் பற்றரி வெப்பத்தைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு வைத்தால் 40 பாகையிலேயே உஷாராகலாம். 45 ஆனால் சார்ஜ் வயரை உடனே கழற்றுங்கள்.

தேர் போன்ற நிகழ்ச்சிக்கு இரண்டாவது போனை நிழலில் தயாராக வைப்பதே என் கணிப்பில் மிக உறுதியான ஏற்பாடு. ஸ்ட்ரீம் கீ, அதாவது படம் எந்த நேரலைக்குப் போக வேண்டும் என்று காட்டும் குறியீடு, கேட்கும் செயலியை இரண்டிலும் போட்டு, ஒரே கீயைக் கொடுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில், படம் வராமல் நின்றால் நேரலையைத் தானாக முடித்துவிடும் ஓட்டோ ஸ்டொப்பை முன்கூட்டியே நிறுத்துங்கள். முதல் போன் சூடேறினால் அதில் அனுப்புவதை நிறுத்திய பிறகே மற்றதில் தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பினால் குழப்பம். இணைப்பு மாறாது, பார்ப்பவர்களுக்குச் சில விநாடி இடைவெளிதான் தெரியும். கழற்றிய போனைக் காரின் டாஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். திரையை அணைத்து, நிழலில், காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள்.