உனக்கென்னப்பா, வாத்தியார் வேலை

குடும்பத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடும். "உனக்கென்னப்பா, வருஷத்துல பாதி நாள் லீவு, மீதி நாள்ல சாயங்காலமே வீடு" என்று அக்கா வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை, ஏனென்றால் நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். ஆறு வருஷம் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினேன், அப்புறம் ஒன்பது வருஷமாகப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன்.

லீவு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அதிகம்தான். பயிற்சி, விடைத்தாள் என்று அதில் கொஞ்சம் பறிபோனாலும் மச்சானுக்குக் கிடைப்பதைவிட அதிகம்தான். இதை மறுத்துச் சண்டை போடும் சக ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அலுவலகத்தில் தலை வலித்தால் எழுந்துபோய் ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் நிற்பேன். ஒருத்தரும் கேட்டதில்லை. வகுப்பில் அந்த ஐந்து நிமிஷம் கிடையாது. நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது, இடைவேளை வரை அடக்கிக்கொண்டு, மணி அடித்ததும் ஓடினால் வராந்தாவில் இரண்டு பேர் "சார், இந்தக் கணக்கு" என்று நோட்டோடு நிற்பார்கள். இதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட டீச்சர்கள் உண்டு. தண்ணீர் குறைந்தால் தொண்டை கட்டும், எங்களுக்குத் தொண்டைதான் மூலதனம். அமெரிக்காவில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்தவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்ற வேலை பார்ப்பவர்களில் 28.8 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கணக்கு எழுதிய ஆறு வருஷத்தில் எனக்கு ஒரு நாள்கூடக் குரல் போனதில்லை.

அப்புறம் நோட்டுத் திருத்துவது. ஒரு நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் விடை தப்பு என்று கோடு போட்டுவிட்டுப் போனால்தான் மூன்று நிமிஷம், எந்த வரியில் சறுக்கினான் என்று தேடினால் இன்னும் ஆகும். நாற்பது நோட்டுக்கு இரண்டு மணி நேரம். எனக்கு நான்கு வகுப்பு. ஆக எட்டு மணி நேரம், அலுவலகத்தில் ஒரு முழு நாள், ஆனால் கால அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ஆம் தேதி கொண்டுவந்த பரிந்துரையில் இதெல்லாம் இருக்கிறது: பாடவேளைகளை முடிவு செய்யும்போது பிள்ளைகளின் எண்ணிக்கை, பாடம் தயாரிக்க, திருத்த, பெற்றோரிடம் பேச ஆகும் நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. அந்தத் தேதியைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வாழ்த்து வருகிறது, கட்டம் வரவில்லை.

அலுவலகத்தில் நாங்கள் புலம்பியதெல்லாம் மேலாளரைப் பற்றி. அவர் மாறினால் புலம்பலும் மாறும். ஆசிரியர் அறையில் கேட்கும் புலம்பல் வேறு மாதிரி, இது ஒரு வேலை என்றே யாரும் நம்புவதில்லை என்பதுதான் அது. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-லேயே இதன் காரணத்தைத் தொட்டிருக்கிறார்: எல்லோரும் வருஷக்கணக்கில் வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவர்கள், அதனால் அந்த வேலை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவர் முன்கூட்டி யோசித்ததும் பின்னால் குழம்பியதும் பெஞ்சிலிருந்து தெரிந்திருக்காது. ஆபரேஷன் தியேட்டருக்குள் யாரும் பன்னிரண்டு வருஷம் உட்காருவதில்லையே.

இந்தப் புலம்பலில் நான் கொஞ்சம் ஓவராகப் போனால் என்னை அடக்குவது அக்காதான். அவள் நர்ஸ். "டேய், உன் பையன் தப்பாப் போட்டா சிவப்பு மையில ஒரு கோடு. நான் மருந்து அளவுல ஒரு புள்ளிய மாத்தி வச்சா?" என்பாள். இரவு ஷிஃப்ட், நின்றே வீங்கிய கால், நோயாளியின் உறவினர்கள் கத்துவது, எதிலும் நான் அவளோடு போட்டி போட முடியாது. எனக்கு இருந்த ஒரே துருப்புச் சீட்டு, அவளுக்கு ஷிஃப்ட் முடியும், அடுத்து வருபவரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்பதுதான். வகுப்பில் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டுப் பரீட்சையில் வெள்ளைத் தாளைக் கொடுத்த பையனை நான் யாரிடம் ஒப்படைப்பது?

போன மாதம் அதையும் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அக்கா பகல் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பதில் சொல்லவில்லை, போனை எடுத்து வார்டுக்குப் போட்டாள். "ஆறாவது பெட் ஐயாவுக்குக் காய்ச்சல் இறங்குச்சா?"

மச்சான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ மெயில் அடித்துக்கொண்டிருந்தார்.