எட்டு கிலோ, கழிவு போக

கையெழுத்துப் போடத் தெரியாத ஆண் பிள்ளைக்கு இடது கைப் பெருவிரல் ரேகை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்படித்தான் விதி. எட்டு மாதப் பிள்ளையின் இறுக்கிய கையைப் பிரித்து மை தடவிப் பாருங்கள், அப்புறம் தெரியும். கட்டத்துக்குள் விழுந்தது கொஞ்சம், மிச்சம் எல்லாம் என் சுடிதாரில். போட்டோ அதைவிடப் பாடு. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். இவனோ திறந்தால் இரண்டையும் திறப்பான், மூடினால் இரண்டையும் மூடுவான். ஸ்டுடியோ அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்த பிறகு, ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் நடுவில் படம் விழுந்தது. அதில் என் மகன் வட்டி வசூலிக்க வந்த ஆள் மாதிரி இருக்கிறான்.

இவ்வளவும் எதற்கு? திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போக. விமானத்தில் ஒரு மணி நேரம்தான். என் கணவர் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். படிக்கத் திருச்சிக்கு வந்த இடத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டார். அவருடைய பூட்டனார் துறையூர்ப் பக்கத்துக்காரராம். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடல் தாண்டி, தலைமன்னாரில் ரயில் பிடித்து மலைக்குப் போனவர். கையில் ஒரே ஒரு மூட்டை. கொள்ளுப்பேரனின் மகனுக்கோ டயப்பருக்கு ஒரு பை, பால்புட்டிக்கு ஒரு பை, அந்தப் பைகளைத் தூக்க ஒரு அப்பா.

சித்திரை வருடப்பிறப்புக்குப் போனோம். கொழும்பில் கடைகளில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குத் திரும்பும் நேரம் அது. நுவரெலியாவில் வசந்த காலம் என்று மிச்ச நாடும் அதே ரயிலில்தான் மேலே ஏறுகிறது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் பொடி மெனிக்கே ரயிலில் ஏறியபோது கால் வைக்க இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு சிங்கள அம்மா எதுவும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்துவிட்டேன். கம்பளை வரை அவன் அந்த மடியில். அப்புறம் ஒரு தாத்தா மடி, அப்புறம் பட்டாளத்துப் பையன் ஒருவனின் மடி. பெற்றவள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் வாசலில் தொங்கிய பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஹூ...!" என்று கூவினார்கள். பிள்ளை பயந்து அழப்போகிறான் என்று நான் இருட்டில் யார் யார் தலையையோ தடவிக்கொண்டு போனேன். வெளிச்சம் வந்தபோது அவன் வாயைக் குவித்து வைத்துக்கொண்டு அந்தப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகலை வருவதற்குள் வித்தை கைவந்துவிட்டது.

தலவாக்கலையில் இறங்கினோம். மாமியார் பேரனைக் கொஞ்சுவதற்கு முன்னால் தலையில் கம்பளித் தொப்பியை மாட்டினார். வெயில் காலத்துத் திருச்சியிலிருந்து வந்த பிள்ளை இந்தக் குளிரில் என்ன ஆவானோ என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆளுக்கொரு தொப்பி பின்னி வைத்திருந்தார்கள். யார் வீட்டுக்குப் போகிறோமோ அவர்கள் பின்னிய தொப்பி தலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக் கோபம் தனி.

அண்ணிதான் அவனை முதலில் எடை பார்த்தார். கொழுந்து பறிக்கிற கை. நாளைக்குப் பதினெட்டு, இருபது கிலோ என்று எடுத்துப் பழகியது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"ஒம்பது இருக்கும். தொப்பி, ஸ்வெட்டர், ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சா எட்டு."

திருச்சியில் தடுப்பூசி போட்ட இடத்துத் தராசு காட்டியதும் எட்டுதான். கழிவு விஷயம் கணவர் சொல்லித்தான் புரிந்தது. தராசடியில் சாக்குக்கு இவ்வளவு, மழைத் தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் கொழுந்துக் கணக்கு எழுதுவார்களாம். எத்தனையோ வருடம் தன் கிலோவை எவனோ கழித்த கோபத்தை அண்ணி என் பிள்ளையிடம் தீர்த்துக்கொண்டார். அப்புறம் லயமே வரிசையில் நின்று தூக்கிப் பார்த்தது. ஒரு பாட்டி மட்டும் ஏழரைக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழரைக்கு அரைப்பேர்தான் போடுவாங்க" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. நாளுக்கான கிலோ எடுக்காவிட்டால் பாதி நாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். என் மகனுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே சம்பள வெட்டு.

லயம் என்றால் ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள், அதாவது அறைகள். இந்த வாசலில் பிள்ளையைக் கொடுத்தால் கடைசி வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம், அங்கே இருந்தால். டாக்டர் எழுதித் தந்த சாப்பாட்டு அட்டவணையை மாமியார் மரியாதையாக வாங்கிப் பார்த்து, தேயிலை டின்னுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார். பத்து மணிக்குக் காரட் மசியல் ஊட்டத் தேடினால், தேங்காய் ரொட்டித் துணுக்கு ஒட்டிய வாயோடு வருவான். வருடப்பிறப்பன்று கைவிசேஷமாகக் காசு கொடுத்தார்கள். ஆரஞ்சு நிற நூறு ரூபாய் நோட்டு ஒன்றின் மூலையும் உள்ளே போய்விட்டது.

தேத்தண்ணிக்கு மட்டும் நான் ஒப்பவில்லை. சின்னத் தாத்தா பிஸ்கட்டைத் தன் கோப்பையில் நனைத்துக்கொண்டு வரும்போதே பாய்ந்து தடுப்பேன். கைக்குழந்தைக்குத் தேநீர் ஆகாது, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சட்டைக் கையை மடித்துத் தன் புஜத்தைக் காட்டினார். பார்த்தேன், நல்ல புஜம்தான். ஆனாலும் கொடுக்கவில்லை. தேயிலை மலைக்கு மருமகளாக வந்தவள் தேத்தண்ணியை விஷம் என்கிறாள் என்று சேதி சாயங்காலத்துக்குள் மேல் லயம் வரை போய்விட்டது.

தூக்க விஷயத்தில் நான் வாயே திறக்கவில்லை. கணவரின் பெரியம்மா, பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்மார் மலைக்குப் போய்விட்டால் தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் அவர் பொறுப்பு. திருச்சியில் இவனைத் தூங்கவைக்க நானும் கணவரும் ஷிப்ட் போட்டு நடப்போம். அவர் சேலையில் தூளி கட்டி, உள்ளே போட்டு, "படு" என்றார். படுத்தான்.

ஆனால் நடுராத்திரி விழித்துக்கொண்டான். கும்மிருட்டு. சுரங்கம் என்று நினைத்தானோ என்னவோ, "ஹூ...!" காம்பராவுக்குக் காம்பரா சுவர்தான் தடுப்பு, சத்தம் கூரைக்கடியில் தாராளமாகப் போய்வரும். மூன்றாவது காம்பராவிலிருந்து ஒரு பையன் பதிலுக்கு "ஹூ!" என்றான். அப்புறம் நாய்கள். அப்புறம் மேல் லயத்து நாய்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், எழுந்ததற்கு ஒரு தேத்தண்ணி போட்டார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. பிள்ளையை இன்னொரு தடவை கூவச் சொன்னார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறோம். திருச்சியில் அக்னி நட்சத்திரம். ஃபேன் காற்றே சுடுகிறது. பிள்ளை ஜட்டியோடு தரையில் உருண்டுகொண்டிருந்தான்.

"தொப்பி எங்க புள்ள?" என்றார் மாமியார்.

"இங்க வெயில் கொளுத்துது அத்தை."

"அதான் ஃபேன் ஓடுதே. காதுல காத்துப் போகும்."

அதனால் போன் அடித்தால் முதலில் ஃபேனை நிறுத்துகிறேன், தொப்பியை மாட்டுகிறேன், அப்புறம்தான் எடுக்கிறேன். போன வாரம் யார் பின்னிய தொப்பி என்று அங்கே ஒரு வழக்கு. அண்ணி அதில் கலந்துகொள்ளவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அரைக் கிலோ குறைஞ்சிருக்கான். கழிக்காமலே."