கடைசி யார்?

ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்கு வந்த முதல் வாரம். பக்கத்துச் சந்தையில் மீன் வாங்கப் போனேன். கடை முன்னால் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கமாக நின்றிருந்தார்கள். வரிசை என்று எதுவும் கண்ணில் படாததால் நேராக முன்னே போய் நின்றுவிட்டேன். ஒரு பாட்டி என் கையைத் தொட்டு, கோபமே இல்லாமல், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்: "கியென் எஸ் எல் ஊல்த்திமோ?" கடைசி யார் என்று அர்த்தம்.

கேட்டதும் ஒருவர் "நான்தான்" என்பார். அவருக்கு அடுத்தது நாம். அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உட்காரலாம். அடுத்து வருபவர் கேட்கும்போது நாம் கையைத் தூக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வரிசை, ஆனால் உறுதியான வரிசை. ஸ்பானிஷில் நான் தயங்காமல் பேசிய முதல் வாக்கியம் அது. அதனாலேயே எனக்கு இன்றும் அது பிடிக்கும்.

முன்பின் தெரியாதவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுவது இங்கே சாதாரண மரியாதை. லிஃப்டில் ஏறினால் "ஓலா", இறங்கும்போது "அஸ்தா லுவேகோ". யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடந்து போனால் "கே அப்ரோவெச்சே", அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள் என்பார்கள்.

நேரம் பழகத்தான் எனக்கு நாளாயிற்று. மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். சின்னக் கடைகள் பல இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், அப்புறம் அதை மாற்றவே இல்லை. ஜூன் மாதம் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது. வெளிச்சம் இருக்கும்போது யார் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரம். அதற்கென்றே 'சோப்ரேமேசா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தட்டுகளை எடுத்த பிறகும் யாரும் எழுந்திருப்பதில்லை, காபியும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர் மெஸ்ஸில் நாம் சாப்பிடும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். இங்கே உணவகத்தில்கூட நாம் கேட்கும்வரை பில் வராது. விரட்டுவதுபோல ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள்.

ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர்கள் பயேயா சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோழி, முயல், பீன்ஸ் போட்ட சோறு. அகலமான சட்டியை அப்படியே மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். அவரவர் எதிரே உள்ள பங்கை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கரண்டி போகக் கூடாது. இரண்டரைக்கு உட்கார்ந்தோம். நான் வீடு திரும்பும்போது மணி ஏழு.

ஞாயிறு மதியம் உங்களை யாராவது கூப்பிட்டால், அன்று மாலைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.