முழங்கால் தண்ணீரில் மூழ்கும் லூர்

மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி வெட்டாற்றங்கரைக்குக் குடிவந்தவள் நான். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயா போனவர். பேத்திக்கு இந்த மண் வெளிநாடு. விசா, பதிவு, ஊராரின் விசாரிப்புகள் எல்லாம் மெல்ல மெல்ல அடங்கின. ஆறு பிடிபடத்தான் நாளாயிற்று. அப்பாவோடு சிறுவயதிலிருந்தே தூண்டில் போட்டவள் என்பதால், ஆறு பிடிபட்ட பிறகே எனக்கு ஊரும் பிடித்தது.

கிள்ளானில் கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் மீன்பிடிக்கக் கிளம்புவோம். கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறி வடியும். வெட்டாறு கடலில் சேரும் நாகூர் முகத்துவாரத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை. இங்கே ஆற்றை ஆட்டிவைப்பது மேட்டூரும் மழையும் காற்றும். ஜூன் 12இல் அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். வந்து, சட்ரஸை (ஆற்றுத் தடுப்பின் மதகுக் கதவுகளை) தூக்கினால் நல்ல தண்ணீர் உப்போடு கலக்கும் இடத்தில் கொடுவா வந்து நிற்கும். கிள்ளானில் சியாக்காப் என்று நாங்கள் பிடித்த அதே மீன்தான். (தூக்குகிற நேரத்தில் மட்டும் நான் தண்ணீரில் இறங்குவதில்லை. யாரும் இறங்கக் கூடாது.)

நாங்கள் போடும் இடத்தில் முழங்கால் ஆழம், குழிகளில் இடுப்பளவு. கொழுந்தன் வீச்சுவலையில் கெட்டிக்காரர். மூழ்கும் லூர்கள் (மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள்) இருந்த என் பெட்டியைப் பார்த்ததும் சொன்னார்: "அண்ணி, மிதக்குறதைப் போடுங்க. இது அடியில போயி காட்டாமணக்குல மாட்டிக்கும்."

அவர் பயம் நியாயமானது. ஆனாலும் ஆடிக் காற்றில் இலேசான மிதக்கும் லூர் பாதி தூரத்தில் விழுந்துவிடுகிறது. விழுந்த பிறகும் காற்று நூலை வளைத்து, லூரை மேல்மட்டத்திலேயே இழுத்துக்கொண்டு போகிறது. மூழ்குவது உருவத்தில் சிறியது, எடையில் கனம். காற்றைக் கிழித்துக்கொண்டு போய் எதிர்க்கரை ஓரத்தில் விழும். கலங்கல் தண்ணீரில் கொடுவா பதுங்கியிருக்கும் மட்டத்திலேயே நீந்தி வரும்.

மூழ்கும் லூர் எல்லாம் ஒன்றல்ல. ராப்பாலா கவுண்ட்டவுன் என்கிற லூர் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஓர் அடி இறங்கும். முழங்கால் தண்ணீரில் ஒன்றரை நொடியில் அது சேற்றில். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் கிராமை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தெளிந்த படித்துறையில் போட்டு, இறங்கும் வேகத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்பூன் என்கிற கரண்டி வடிவ உலோக லூரில் அகலமான மெல்லியது ஆடி ஆடி மெதுவாக இறங்கும். அதே எடையில் தடித்த குட்டி ஸ்பூன் கல்லாக விழும். மூழ்கும் பென்சில் லூர்களில் மெதுவாக இறங்குபவை உண்டு, எனக்கு அவைதான் பிரியம். கிளை அதிகமுள்ள இடத்தில் முள்முனையை உடலுக்குள் புதைத்த ரப்பர் மீன், சின்ன ஈயத்தோடு.

இன்னொன்றும் இந்த ஆறு கற்றுக்கொடுத்தது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். சித்திரையில் உப்பு ஏறியிருக்கும்போது மெதுவாக இறங்கும் லூர், ஐப்பசி வெள்ளத்தில் சற்று வேகமாக அடியைத் தொடும். அப்போது அதைவிட இலேசானதற்கு மாறிவிடுவேன்.

இழுக்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. லூர் தண்ணீரைத் தொடும் முன்பே நூல் சுற்றும் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடி, நூலின் தொய்வை எடுத்துவிட வேண்டும். ராட் (தூண்டில் கம்பு) நுனி உயர்ந்தே இருக்கட்டும். நுனி உயர்ந்தால் லூரும் உயரும். நான்கைந்து சுற்று சுற்றி அரை நொடி நிறுத்துங்கள். அது தலைகுப்புறச் சரியும் அந்த இடைவெளியில்தான் கொடுவா வாயைத் திறந்து உறிஞ்சும். சேற்றைத் தடவுவது கையில் தெரிந்தால் வேகத்தைக் கூட்டுவதைவிட நுனியை ஒரு சாண் தூக்குவது நல்லது. வேகம் கூடினால் லூர் மேலே வந்துவிடும், மீன் கீழேயே நின்றுவிடும். கரையை நெருங்கும்போது நூல் செங்குத்தாவதால் லூர் தானாக ஏறும், அங்கே நுனியைத் தாழ்த்த வேண்டும்.

மாட்டிக்கொண்டால் வெட்டி இழுக்கக் கூடாது. இழுத்தால் முள் இன்னும் ஆழமாக இறங்கும். நூலைத் தளர்த்திவிட்டு, நாலு எட்டு நடந்து எதிர்ப்பக்கமிருந்து இழுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். லூரோடு வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போட்டுவிட்டேன். காட்டாமணக்குத் தொல்லை பாதி குறைந்தது. மீனையும் காயமில்லாமல் திருப்பி விட முடிகிறது.

திருப்பி விடுவதில்தான் வீட்டில் பேச்சு வந்தது. கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துத்தான் பெண்ணாகும். பெரிய மீன்கள் அநேகமாக முட்டையிடுபவை, அவற்றை நான் கொண்டுவருவதில்லை. "கைக்கு வந்ததை விடுவாங்களா?" என்று அத்தை கேட்டார். காரணத்தைச் சொன்னேன். இப்போது ஒரு கிலோ மீனே குழம்புக்குப் போதும் என்கிறார். தலை மட்டும் அவருக்கு.