பனியன் ஊரில் பங்க்

14 டிசம்பர் 2024, சனி

சம்பள நாள். எல்லாருக்கும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டு, திருப்பூர்ல இருக்கற நம்ம பனியன் பிரிண்டிங் பட்டறையில உக்காந்து, கிளாஷ்ங்கற இங்கிலாந்து பங்க் ராக் இசைக்குழுவோட ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தை முழுசாக் கேட்டேன். 1979-ல இதே நாள்லதான் இங்கிலாந்துல வெளியாச்சு. ரெண்டு இசைத்தட்டு, ஆனா ஒரு தட்டு விலைக்குத்தான் விக்கோணும்னு கிளாஷ் ஆளுங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. அடுத்த வருசம் ‘சான்டினிஸ்டா’, மூணு தட்டு. அதையும் மலிவாக் குடுக்கறதுக்காக முதல் 2 லட்சம் பிரதிக்கு வர்ற ராயல்டியையே விட்டுட்டாங்க. பீசுக்குப் பத்துப் பைசா குறைக்க மணிக்கணக்காப் பேரம் நடக்கற ஊர்ல இருக்கறவனுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய மனசுன்னு.

17 டிசம்பர், செவ்வாய்

பட்டறைக்குப் புதுசா வந்த தம்பி என் கறுப்பு பனியன்ல இருக்கற கழுகைக் காட்டி, “இது எந்தக் கட்சிங்ணா?”ன்னு கேட்டான்.

நானும் அவன் வயசுலதான் காதர்பேட்டை பனியன் சந்தையில, ஏற்றுமதியில மிஞ்சின சர்ப்ளஸ் துணிக் குவியலுக்குள்ள இந்தக் கழுகை முதல்ல பார்த்தேன். அமெரிக்க ஜனாதிபதி முத்திரை மாதிரியே இருக்கும். ஆனா ஒரு கால்ல ஆப்பிள் கிளை, இன்னொரு கால்ல பேஸ்பால் மட்டை. அர்துரோ வேகாங்கற ஓவியர் வடிவமைச்சது. மேல இருந்த பேரைத் தேடிப்போய் பிரவுசிங் சென்டர்ல ரமோன்ஸ்ங்கற அமெரிக்க பங்க் குழுவைக் கேட்டேன். 1976-ல வந்த முதல் ஆல்பம்: 14 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை, செலவு சுமார் 6,400 டாலர். நாலு பேரும் ரமோன்னு ஒரே பேரை வெச்சுக்கிட்டாங்க, ஆனா ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே கிடையாது. பேரைச் சொன்னதும் “எந்தக் கூட்டம்?”னு குலத்தைக் கேக்கற ஊர்ல வளர்ந்தவனுக்கு அது பாட்டைவிடப் பெரிய அதிர்ச்சி. நாமளாச் சேர்ந்து ஒரு குடும்பமாயிக்கலாம்! அந்தப் பிடிப்பு இன்னும் விடலை.

22 டிசம்பர், ஞாயிறு

கிளாஷ் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-ல இதே நாள் இறந்தாரு. 50 வயசு. சுத்தமான குரல் இல்லை. ஆனா பாடற ஒவ்வொரு வரியையும் நம்பிப் பாடுவாரு.

மத்தியானம் அக்கா பையன் கிட்டாரோட வந்தான். நொய்யல் ஆத்தைப் பத்திப் பாட்டு எழுதியிருக்கான்: சாயத்தண்ணி, அது தேங்கின ஒரத்துப்பாளையம் அணை, காட்டை விட்டுட்டு பனியன் கம்பெனிக்கு வந்த அப்பிச்சி (அம்மாவோட அப்பா). கிட்டார்ல மூணு கார்டுதான் (சுரக்கூட்டு) தெரியும். “நல்லாக் கத்துக்கிட்டு அப்புறம் பாடறேனுங்க மாமா”ன்னான். வேண்டாம் சாமி, இப்பவே பாடுன்னேன். பஸ்காக்ஸ்ங்கற இங்கிலாந்து பங்க் குழு 500 பவுண்டு கடன் வாங்கி 1977-ல தாங்களே தட்டுப் போட்டாங்க. எந்தக் கம்பெனியாவது கூப்பிடட்டும்னு காத்திருக்கலை. கடன் வாங்கி ஒரு மிஷின் போட்டுத் திண்ணையிலயே தொழில் ஆரம்பிச்ச ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாட்டு ரெண்டு நிமிசம்கூட இல்லை. அணை வர்ற வரியில அவன் குரல் உடையுது. அதைச் சரி பண்ணவே கூடாது. டிரம்ஸ்தான் இல்லை. கோயில் நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்கற பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டேன், அடுத்த ஞாயிறு பட்டறைக்கு வர்றேன்னுருக்கான்.